பத்துப் பேருக்கான மருந்து

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கமலவேணி சொன்னதில் நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே! இது நடந்தது பட்டப்பகலில். போன ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, மதியம் 2:26க்கு.

கமலவேணிக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ். அங்கே ரத்தப் புற்றுநோய்க்குப் புது மருந்து ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, நோயைக் கிளப்பும் ஒரே ஒரு புரதத்தைத் தேடிப்போய் முடக்கும் மருந்து. பழைய மருந்து கைவிட்ட பதினொரு பேருக்கு அதைக் கொடுத்துப் பார்க்க ஏற்பாடு. அதில் ஒருவர் அவளுடைய அண்ணன் உதயகுமார். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். கை வைத்தே தொட்டியின் சூட்டைச் சொல்லிவிடுவார். தெர்மாமீட்டரைப் பார்த்தால் சிரிப்பார்.

அண்ணன் ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில். அண்ணி துளசி கூட இருந்தாள். கமலவேணி லீவு போடவில்லை. இந்த முறை மருந்து கெட்டால் அடுத்தது தயாராக இரண்டு மாதம் ஆகும். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

கம்பெனியில் ஒருவர் செய்ய, இன்னொருவர் பக்கத்தில் நின்று சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கிற தர்மன் 1:50க்குச் சாப்பிடக் கிளம்பினார்.

"நீ ஊத்திடுமா. நான் வந்து கையெழுத்துப் போட்டுக்கிறேன்."

எல்லோரும் செய்கிற தப்புதான்.

கண்ணாடிக் கலத்தில் கரைசல் குளிர்ந்துகொண்டிருந்தது. ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அமிலத்தை ஊற்ற வேண்டும். சூட்டில் ஊற்றினால் மொத்தமும் வீண். 2:24. மீட்டர் நான்கு காட்டியது.

அவ்வளவு குளிர்ந்தால் கலத்தின் வெளிப்பக்கம் வியர்த்திருக்க வேண்டும். துளி ஈரமில்லை. பார்த்தாள். மனதில் ஏறவில்லை.

2:26. புஸ்ஸ்... கதவுச் சத்தம்.

தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகமூடி, கண்ணாடி. அந்த அறைக்குள் எல்லோரும் அப்படித்தான். தர்மன் வந்துவிட்டார் என்று நினைத்தாள்.

அமிலத்தைத் தூக்கினாள்.

"ஊத்தாதமா."

"நாலு காட்டுது சார்."

"மீட்டர உடு. கை வெச்சிப் பாரு."

வைத்தாள். கையுறையைத் தாண்டிச் சூடு ஏறியது. குளிரூட்டும் மெஷின் எப்போதோ நின்றிருந்தது. மீட்டரும் பழுதாகி நான்கிலேயே நின்றிருந்தது.

"பத்து பேரு காத்துக்கினு இருக்காங்க. பாத்து செய்."

பத்தா? பதினொன்று இல்லையா?

திரும்பினாள்.

யாரும் இல்லை...

மெஷினை மறுபடி ஓடவிட்டு, வேறு மீட்டரில் பார்த்து, கரைசல் குளிர்ந்த பிறகே ஊற்றினாள். தர்மன் 3:05க்கு வந்தார். நடுவில் வந்தது நீங்கள்தானே என்று கேட்டாள்.

"நானா? இப்பத்தாம்மா கேன்டீன்லேர்ந்து வரேன்."

கார்டு காட்டினால்தான் திறக்கும் கதவு அது. பதிவை எடுத்துப் பார்த்தார்கள். 1:50க்குத் தர்மன் வெளியே. 3:05க்குத் தர்மன் உள்ளே. நடுவில் கதவு திறக்கவே இல்லை.

4:40க்கு லாக்கரிலிருந்து போனை எடுத்தாள். துளசி பதினேழு முறை கூப்பிட்டிருந்தாள்.

"எத்தினி வாட்டிமா போன் பண்றது... ரெண்டு பத்துக்கே உங்கண்ணன் போயிட்டாரு."

கமலவேணி அப்போதும் அழவில்லை. மருந்து சோதனையில் தேறி, பத்துப் பேருக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அன்றைக்கு 2:26க்கு, கம்பெனியில் யாருக்கும் அண்ணன் சாவு தெரியாது. பட்டியலில் அப்போதும் பதினொரு பெயர்கள்தான் இருந்தன.