சீருக்குக் கேட்ட ஆந்தை

எங்களைப் பெற்ற அப்பச்சி கீழச்சிவல்பட்டியில் பிறந்தார்கள். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, காரைக்குடியில் இரும்புக்கடை வைத்து முன்னுக்கு வந்து, தங்கைகளைக் கரையேற்றினார்கள். வெற்றிலை, சீட்டு எதுவும் கிடையாது. இருந்த ஒரே கெட்ட பழக்கம் பறவைகள். உயிருள்ளவை அல்ல, அந்தக் காலத்தில் சீமையில் அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டிய படங்கள். பழைய வீட்டைப் பிரிக்கிறார்கள் என்றால் ஊரே தூணுக்கும் கதவுக்கும் விலை பேசும். அப்பச்சி பரணில் ஏறிவிடுவார்கள். வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால் அவர்களுக்குத் தனி ஆனந்தம். "மனுசன் கை பட்டதுக்கு அதான் அத்தாட்சி" என்பார்கள்.

கொக்கு, கிளி, மீன்கொத்தி வரை ஆத்தா பொறுத்தார்கள். என்னைப் பெண் பார்க்க வருகிற சமயம் பார்த்து, அப்பச்சி முகப்பில் ஆந்தையை மாட்டினார்கள்.

"ஆந்தை முழிக்கிற வீட்டுல எவுக பொண்ணெடுப்பாக? கழட்டுறீகளா, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போகவா?"

"அது பாட்டுக்கு இருக்கு. ஒன்னைய என்ன கேட்டுச்சு?"

வந்தவர்கள் உள்ளே போக, மாப்பிள்ளையின் தந்தை மட்டும் ஆந்தைமுன் நின்றுவிட்டார்கள். ஆத்தாவுக்கு உயிரே இல்லை. அவர்களுக்கும் இதே பைத்தியம் என்பது பேச்சில்தான் தெரிந்தது. நான் காபித் தட்டோடு நிற்கிறேன். பெரியவர்கள் இருவரும் இறகின் நிறத்தை ஆராய்கிறார்கள். கிளம்பும்போது மாப்பிள்ளையின் தந்தை, "சீர் சாமான் ஒண்ணும் வேண்டாம். அந்த ஆந்தைய மட்டும் குடுங்க" என்றார்கள்.

அப்பச்சி யோசிக்கவே இல்லை. "பொண்ணக் கேட்டு வந்தீக, பொண்ணத் தாரேன். ஆந்தையக் கேக்காதீக."

அதன்பின் அங்கிருந்து பேச்சுமூச்சு இல்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அதை ஆத்தாவிடம் சொல்லி அழுதது அப்பச்சி காதில் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் காலை முகப்பில் ஆணி மட்டும் இருந்தது. படத்தைத் துண்டில் சுற்றித் தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். மதியம் சாப்பிடவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வாராவாரம் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். முதலில் ஆந்தை, அப்புறம்தான் நான். "என்னையப் பாக்க வந்தீகளா, அதப் பாக்க வந்தீகளா?" என்று கேட்டால் சிரித்து மழுப்புவார்கள்.

அப்பச்சி கடைசியில் நோயில் கிடந்தபோது உடனிருந்த பங்காளிகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம் கையாலேயே ஆந்தையைச் சுவரிலிருந்து இறக்கி, "அவுக ஆசைதீரப் பாக்கட்டும்" என்று மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்பிய என் மாமனாருக்குத் தனி நன்றி.

அதைக் கட்டிலின் எதிரே பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பச்சி கண் திறந்தார்கள்.

"அத அங்குட்டு வையி, தாயி. ஒன் மொகத்த மறைக்குது."