வெள்ளவத்தைப் புல்தரையில் ஸ்பானியக் கச்சேரி

1. கயிறு அறுந்த காலை

கொழும்புக் கோட்டைப் பகுதியில் இசைக்கருவிகள் விற்கும் கடையொன்றில் பியானோ பகுதி என் பொறுப்பில் இருந்தது. நாங்கள் வாடகைக்குக் கொடுத்த கிராண்ட் பியானோவைக் கச்சேரி மண்டப வாசலில் இறக்கும்போது கயிறு அறுந்தது. பாரம் தூக்கும் நாட்டாமிகள் துள்ளி விலகியதால் யாருக்கும் காயமில்லை. ஆனால் பியானோவின் ஒரு கால் முறிந்து, உள்ளே ஒலியைப் பெருக்கும் பலகையான சவுண்ட் போர்டு குறுக்கே வெடித்துவிட்டது.

அன்று மாலைதான் கச்சேரி. வாசிக்க வந்தவர் எஸ்தேபான் அரோயோ என்ற ஸ்பானியர், தானே இசை எழுதி வாசிப்பவர். அவுஸ்திரேலியா போகும் வழியில் கப்பல் கொழும்பில் நின்றிருந்தது. மறுநாள் அவர் புறப்பட வேண்டும்.

முதலாளி நாகலிங்கம் தலையில் கைவைத்தார். “அந்தோனி, பின்னேரத்துக்குள்ள ஒரு பியானோ வரவேணும். இல்லாட்டி நாளைக்கு நீ கடைப்பக்கம் வராதை.”

அதற்கு ஈடான பியானோ எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், புரொக்டர் எனப்படும் வழக்கறிஞர் ஒருவரின் மனைவி பரமேஸ்வரி அம்மாவிடம். நான்தான் அதை அவருக்கு விற்றேன். காரில் ஏறும்போது ஸ்பானியரும் கூடவே வந்து ஏறிக்கொண்டார். “நான் வாசிக்கப்போகும் பியானோவை நான் பார்க்க வேண்டாமா?” என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

2. “வாசல் தாண்டாது”

செய்தி எங்களுக்கு முன்பே டெலிபோனில் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா வாசலிலேயே மறித்தார்.

“காலமை ஒண்டை உடைச்சுப்போட்டு, இப்ப என்ர பியானோவைத் தேடி வாறியளோ?”

“அம்மா, இந்தமுறை கவனமா...”

“என்ர பியானோ இந்த வாசல் தாண்டாது. உள்ள வந்து தேத்தண்ணி குடியுங்கோ. அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை.”

நான் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக்கு எந்தக் கடையில் வேலை கேட்பது என்று யோசித்தேன். ஸ்பானியரோ பியானோ அருகே நின்று, “தொடலாமா?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தலையசைத்தார்.

மெல்லிய ஒரு மெட்டு. தன் தாய்க்காக எழுதியதாம். முடித்ததும் மூடியைத் தடவியபடி சொன்னார்: “என் பியானோவும் கடலோர வீட்டில்தான் இருந்தது. எங்கள் நாட்டில் சண்டை மூண்டது. என் அம்மாவை அழைத்துக்கொண்டு, ஒரு பெட்டியோடு எல்லை தாண்டினேன். இப்போது அந்த வீடு நிற்கிறதா என்றுகூடத் தெரியாது. நீங்கள் செய்வதுதான் சரி. கொடுக்காதீர்கள்.”

எங்களுக்காகப் பேசுவார் என்று நான் நினைத்த மனிதர் இப்படியா!

பரமேஸ்வரி அம்மா என்னைப் பார்த்தார். “தம்பி, பியானோதான் போகாது எண்டனான். சனம் இங்க வரேலாதோ? முன் முற்றம் பெரிசுதானே.”

3. ரயிலும் சேர்ந்து வாசித்தது

டெலிபோனில் இதைச் சொன்னதும் முதலாளிக்குக் கோபம் வந்தது. “துரைமார் வெள்ளவத்தை முற்றத்தில குந்தியிருப்பினமே? உனக்கென்ன விசரே?”

ஸ்பானியர் டெலிபோனை என்னிடமிருந்து வாங்கி, “நான் அங்கேதான் வாசிப்பேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அண்டை வீடுகளும் பக்கத்துக் கோயிலும் நாற்காலி தந்தன. முன் விறாந்தைப் பக்கத்து ஜன்னல்களை விரியத் திறந்து, பியானோவை அவற்றின் பக்கம் தள்ளினோம். துரைமார் வந்தார்கள், புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மதிலுக்கு வெளியே ஒழுங்கைச் சனம் முழுவதும் டிக்கெட் இல்லாமலே நின்றது. அவர்களை விலக்கப் போன முதலாளியை ஸ்பானியர் ஜன்னல் வழியே விரலாட்டித் தடுத்தார்.

வெயில் சாய்ந்த நேரம். மிக அமைதியான ஓர் இடத்தை அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குப் பின்னால் கடற்கரை ரயில் நீளமாக ஊதியது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பானியர் கையைத் தூக்கிக் காத்திருந்தார். ஊதல் ஓய்ந்ததும் அதே சுருதியை ஒற்றை விரலால் தொட்டு, அங்கிருந்து இசையைப் பின்னிக்கொண்டு விட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தார். மதிலுக்கு வெளியேதான் முதலில் கைதட்டல் எழுந்தது.

அவர் தன் ஊருக்குத் திரும்பவேயில்லை. தென்னமெரிக்காவில் குடியேறி, பலருக்குப் பியானோ கற்பித்து, அங்கேயே காலமானார். அவர் எழுதியவை அச்சாகிக் கப்பலில் எங்கள் கடைக்கு வந்தன. அவற்றில் ஒன்றில் அந்த ரயில் ஊதல் அப்படியே இருந்தது. கான்வென்ட் பிள்ளைகள் பரீட்சைக்கு அதைப் படித்துக்கொண்டு வந்து, “இந்த நோட் பிழையா அச்சடிச்சிருக்கோ, சேர்?” என்று கேட்பார்கள். “இல்லை பிள்ளை, அது ரயில்” என்பேன். ஒருவரும் நம்பியதில்லை.

விற்பனை வேலைக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் ‘மாட்டேன்’ என்றால் உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். எதை மாட்டேன் என்கிறார் என்று முழுதாகக் கேளுங்கள். தேநீர் கொடுத்தால் குடித்துவிட்டே வாருங்கள்.