காலை அகட்டி உட்கார்ந்த கதை

எங்கள் ஊர்ப் பக்கம் பெண்பிள்ளைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே காலைச் சேர்த்து வைத்து உட்காரச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு பாடத்தில் மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நான் தேறியிருந்தேன். பிறந்தவுடன் அழாமல் கிடந்ததில் மூளையில் ஏதோ பழுதாகி, என் கால்கள் இரண்டும் விறைத்துக் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டே இருக்கும். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, நடக்காவிட்டாலும் பிள்ளை அடக்கமாக இருக்கிறாள் என்று அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தாள்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா அந்த அடக்கத்தைப் பார்த்துத்தான் பயந்தார். ஆட்டுரல் குழியில் குழவி உட்கார்ந்திருப்பது போலத் தொடை எலும்பு இடுப்பில் உட்கார வேண்டும். கால் இப்படிப் பின்னிக்கொண்டே கிடந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவும். நழுவிவிட்டால் இவளால் வலியில்லாமல் உட்காரக்கூட முடியாது என்றார். இப்போது வலிக்கவில்லையே என்று அம்மா கேட்டாள். வலி வந்த பிறகு வந்தால் காலம் கடந்திருக்கும் என்றார். வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுக்கவும், எப்போதும் காலை அகட்டியே உட்கார வைக்கவும் சொன்னார்.

அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, இலவம்பஞ்சு அடைத்து, ஒரு திண்டு தைத்தாள். அதன் இரண்டு பக்கமும் காலைப் போட்டுக் குதிரையேறியவள் போல வீற்றிருந்தேன். சாணார்பட்டிப் பக்கத்தில் எங்கள் தெருவுக்கு அதன்பின் பேச வேறு விஷயமே இல்லாமல் போயிற்று. பூப்பறித்துவிட்டு வரும் பெண்கள் என்னைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு போனார்கள். என் முழங்கால் பிரிந்திருந்ததில் யாருடைய மானம் போயிற்று என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து என் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து அத்தை திண்டை உருவினாள். என் முழங்கால்களைத் துண்டால் சேர்த்துக் கட்டி உள்ளறை மூலையில் சாய்த்தாள். கட்டி வைத்தால் கால் நேராகிவிடும் என்பது அவளுடைய வைத்தியம். கால் வெட்டி இழுத்தது. நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். கட்டை அவிழ்த்தாள். என்னை இடுப்பிலும் திண்டைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த கூடத்துக்கு நேராக வந்து, அவர்கள் முன்னாலேயே என்னை ஏற்றி உட்கார வைத்தாள்.

"இவ என் சின்ன மக. இப்படித்தான் உக்காருவா. இல்லாட்டி இடுப்பு நழுவிரும்."

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். சொல்லி அனுப்பவில்லை. அப்பா அம்மாவோடு பேசுவதை நிறுத்தினார். அத்தை நிறுத்தவில்லை, சின்னவளுக்காகப் பெரியவளின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டதாகத் தெருத்தெருவாகச் சொன்னாள். அக்கா எங்கள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்த வருஷ எக்ஸ்ரேயில் எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அது திண்டின் வேலையா என் அதிர்ஷ்டமா என்று டாக்டரம்மாவே அடித்துச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா விஷயத்தைச் சொன்னபோது அக்கா எழுந்து வந்தாள். அமுங்கிப் போயிருந்த திண்டைத் தட்டி உப்பவைத்தாள். என்னைத் தூக்கி அதன்மேல் போட்டு, முழங்கால் இரண்டையும் கோபத்தோடு விலக்கி வைத்தாள்.

"நல்லா அகட்டி உக்காருடி. இதுக்கு ஒரு மாப்பிள்ளையவே குடுத்திருக்கோம்."

சொல்லிவிட்டு என் முழங்காலைப் பிடித்தபடியே அழுதாள்.