இன்னும் வராத கிளெய்ம்

காரின் கிளெய்மைக் கைவிட எனக்கு ஏன் மனமில்லை என்பதை இன்று இன்சூரன்ஸ்காரரிடம் நான் சொல்லவில்லை.

எலுவன்குளத்தில் யானையைக் கண்டு பயந்து, என் கூடப்பிறந்த மூத்தவர், நானா, காரை மரத்தில் மோதினார். பிறகு கத்தாருக்குப் போய்விட்டார்.

"ஓட்டினவர் இல்லாம இது இழுபடும் தங்கச்சி. கிளெய்மை விட்டா, இன்சூரன்ஸ் புதுப்பிக்கக்குள்ள கட்டுற காசில கழிவு தரலாம்" என்றார் அவர்.

கூட வந்திருந்த உம்மாவும், "விட்டுடு புள்ள" என்றார்.

நானா கத்தாரிலிருந்து கோல் எடுப்பதே "கிளெய்ம் வந்திச்சா?" என்று கேட்கத்தான். சுகம் விசாரிக்க அவருக்கு வெட்கம்.

"கிளெய்ம் இருக்கட்டும்" என்று கழிவில்லாமல் முழுக் காசையும் கட்டினேன். வீடு வரும்வரை உம்மா ஏசினார்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு நானா கோல் எடுத்தார். உம்மா ஃபோனைப் பறித்து, "இன்னும் வரல்ல மகன், வெள்ளிக்கிழம திரும்பக் கோல் எடுத்துக் கேளு" என்றார்.