கல்முனைக் கடைத்தெருவின் முதுகுகள்

எழுபத்தொன்பதில் கல்முனையில் எழுதுவினைஞராக இருந்தபோது, பழைய கமரா ஒன்றால் தெருக்களைப் படம் பிடித்தேன். ஆட்களிடம் அனுமதி கேட்கக் கூச்சம். அவர்கள் கடந்து போனபின்தான் பொத்தானை அழுத்துவேன். அதனால் சந்தை, கடைத்தெரு, பஸ் நிலையம் எங்கும் முதுகுகளே. சிலவற்றை இந்த வலைப்பூவில் தயக்கத்தோடு போட்டிருந்தேன். கல்முனையிலிருந்து றஹீமா என்ற பெண் எழுதினார். அவரது வாப்பா சந்தைக்கு முன்னால் வெற்றிலை விற்றவர். றஹீமாவுக்கு மூன்று வயதானபோது மௌத்தாகிவிட்டார். மார்க்கப் பேணுதலான மனிதர், தன்னைப் படமெடுக்க விட்டதில்லை. அவரை ஒருதரம் பார்க்க வேண்டும், உங்கள் படங்களில் எங்காவது அவரும் இருக்கலாம், மற்றப் படங்களையும் கொண்டுவருவீர்களா என்று கேட்டிருந்தார்.

சென்ற மாதம், மழை விட்ட ஒரு காலையில், அக்கரைப்பற்றில் எட்டு மணிக்கு பஸ் ஏறினேன். ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர்; ஒரு மணித்தியாலப் பயணம். ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்திருந்ததைக் கண்ட நடத்துநர், "என்ன ஐயா, பச்சப்புள்ளயா? அதுக்கு அரை டிக்கட் போடவா?" என்றார். சிரித்துக்கொண்டே ஒரு முழு டிக்கட் வாங்கினேன்.

ஒலுவிலுக்கு அப்பால் வயல்களில் நின்ற நீருக்குள் வானம் கிடந்தது. கண்ணயர்ந்து விழித்தபோது கல்முனைக் கடைத்தெரு. மாடிக் கடைகளுக்குள்ளிருந்து என் படங்களின் தாழ்ந்த ஓட்டுக்கூரைகள் மெல்ல எழுந்து வருவதுபோல இருந்தது. எந்தக் காலத்தில் இறங்குகிறேன் என்று சற்று நேரம் தெரியவில்லை.

வீட்டில் றஹீமாவின் உம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்:

"தம்பி, அவர்ட முகம் தெரிஞ்சா காட்டாதீங்க. வேணாமெண்டு சொன்ன மனிசன்."

"உம்மா, எனக்கு அவர்ட முகமே ஞாபகமில்ல," என்றார் றஹீமா. உம்மா ஆல்பத்தைத் தன் மடியில் வைத்துப் புரட்டினார்.

மழைவெள்ளம் தேங்கிய சந்தை வாசல் படத்தில் உம்மாவின் கை நின்றது. சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி போகும் நெடிய மனிதர். சட்டையின் முதுகில் கோணலாக ஓர் ஒட்டு.

"இது நான் தைச்ச ஒட்டு. 'மாட்டு வைத்தியன் தைச்ச மாதிரி இரிக்கி' எண்டு ஏசினவரு. ஏசிப்போட்டு அதையே உடுத்திட்டுப் போயிரிக்காரு, பாரு புள்ள!"

றஹீமா படத்தைத் தொடவில்லை. "வாப்பா இவ்வளவு உயரமா உம்மா?"

"ஓம். இந்த வாசல்ல குனிஞ்சுதான் வருவாரு." உம்மா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "முகம் இல்லத்தானே. அவர்ட சொல்லும் மீறல்ல. எடுத்து வை புள்ள," என்றார்.

பழைய தெருப்படங்களோடு பயணம் போகிறவர்களுக்கு: பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், மூலத்தை விட்டுவரும்படி நேரலாம். பகலில் போங்கள், வாசல் வெளிச்சம் வேண்டும். ஆள் யாரென்று தெரியாத படங்களைக் கழித்துவிடாதீர்கள். நான் புறப்படும்போது றஹீமா வாசற்படியில் நின்று, நிலையின் மேற்சட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.