திரைச் சுவருக்குப் பின்னால் கடல்

மார்கழி மழை சற்று ஓய்ந்த காலை ஏழரைக்குச் செங்கலடியில் பஸ் ஏறினேன். ஓட்டமாவடியில் இறங்கி எழுநூறு ரூபாய் பேசி ஓட்டோ பிடித்தேன். இடியுமுன் பார்த்துவிட வேண்டும், கல்குடாப் பக்கம் கரையில் நிற்கும் பழைய தியேட்டருக்கு என்றதும் ஓட்டோக்கார நசீம் திரும்பிப் பார்த்தார். "அங்க படம் ஓடல்லையே அண்ணன். கடல்தான் ஓடி வருது."

எட்டே முக்கால். முகப்பில் இன்னும் கம்பீரம் இருந்தது: வளைந்த நெற்றி, மேலிருந்து இறங்கும் மூன்று சீமெந்து வரிகள், டிக்கெட் கொடுத்த இரண்டு பொந்துகள். உள்ளே கீழே மலிவு டிக்கெட்காரர் இருக்கும் கலரி, மேலே பல்கணி, அதற்கும் மேலே படம் ஓட்டும் அறை. படத் திரை இருந்த கடல் பக்கம் ஒரு சன்னல்கூட இல்லை. அலைச் சத்தம் வசனத்தை விழுங்கிவிடும் என்று முதலாளி திரைச் சுவரை இரண்டடிக் கனத்தில் கட்டினாராம். உள்ளே நிற்பவருக்குக் கடல் தெரியாது. அதன் அடி மட்டும் உள்ளங்காலில் தெரியும்.

யுத்தத்தில் படம் நின்றது, அகதிகள் படுத்தார்கள். சுனாமியில் காவல்காரர் யோகன் அந்த மேலறைக்கு ஏறித்தான் தப்பினார். இதைப் போல அரண் வேறில்லை என்பது அவர் பேச்சு. அவரோடு டிக்கெட் அறையில் குடியிருக்கும் மனைவி புஷ்பத்துக்கோ, கை நுழையுமளவு வெடித்த திரைச் சுவரைக் கண்டாலே நடுக்கம். முப்பது காலடிக்குள் கடல் வந்தால் வந்தாறுமூலையில் தங்கச்சி வீட்டுக்குப் போவதென்று இருவருக்கும் உடன்பாடு. காலையில் யோகன் திரைச் சுவரிலிருந்து அலைவரை நடந்து எண்ணி வந்து சொல்வார். பத்து நாளாக முப்பத்திரண்டு.

அன்று நானும் கூட நடந்தேன். அவர் முப்பத்திரண்டு என்றார். நான் எண்ணியது இருபத்தொன்று. "நீங்க வளத்தி அண்ணன்," என்றார், என் காலைப் பார்த்தபடி. நான் அவர் தோளுக்குத்தான் வருவேன்.

உள்ளே திரும்பி வந்ததும் புஷ்பம் அவரைக் கேட்கவில்லை; என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எத்தின எண்ணினீங்க?"

அப்போதுதான் ஓர் அலை கரையில் மோதியது. அந்த அதிர்வில் திரைச் சுவரிலிருந்து சுண்ணாம்பு, கலரியில் உட்காரும் மர வாங்கில் சொரிந்தது. நான் உண்மையைச் சொன்னேன்.

"இவருக்குக் காலடி சின்னதாப் போய்க் கன நாள்," என்றாள் புஷ்பம். "வேற ஒராள் சொல்லட்டும் எண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தன்."

யோகன் பாயைச் சுருட்டினார். வாசலில் காத்திருந்த நசீம் கேட்காமலே ஓட்டோவில் இடம் ஒதுக்கினார். மூவரும் நெருங்கி உட்கார்ந்த பிறகுதான் தியேட்டர் கதவு திறந்தே கிடப்பதைக் கவனித்துச் சொன்னேன்.

"கிடக்கட்டும்," என்றார் யோகன். "ஆரும் ஓடி வந்தா மேல ஏறவேணுமே."

அவர்களை வந்தாறுமூலையில் இறக்கிவிட்டு, மதியம் செங்கலடிக்கு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்கு மாடி இல்லை என்பது அன்றுதான் உறைத்தது.