பங்குனி ஆமையின் நூற்றுப் பதினாறு முட்டைகள்

ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கக் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று இந்தப் பக்கத்தில் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். இன்றைய இடங்கள் எனக்குத் தெரியாது. 1982ஆம் ஆண்டு, மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, கிளிஞ்சல்மேட்டில் இருந்த சிறிய ஆமைக் காப்பகத்துக்குப் போனோம். எனக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். என் கணவர், பத்து வயது மகள் வசந்தி, நான். வகுப்பில் ஆமைப் பாடம் நடந்ததால் வசந்திதான் நச்சரித்தாள்.

அப்போது வரிச்சிக்குடியில் இருந்தோம். காலை எட்டு மணி பேருந்து, ஆளுக்கு ஐம்பது பைசா, காரைக்காலுக்கு இருபத்தைந்து நிமிடம். அங்கிருந்து கடற்கரைக்கு சைக்கிள் ரிக்‌ஷா, மூன்று ரூபாய். வானம் மூடியிருந்தது. எதிர்க்காற்றில் ரிக்‌ஷாக்காரர் பாதி வழி இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தார்.

"ஆமை பூந்த வீடு உருப்படாதும்பாங்க. நீங்க என்னடான்னா ஆமை வீட்டுக்கே கெளம்பிட்டீங்க" என்றார்.

"எங்க வீட்டுல பூந்து பத்து வருஷமாச்சு" என்று என் கணவர் வசந்தியின் தலையைத் தட்டினார். வசந்தி சிரித்தாள். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். காப்பகம் என்பது ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு சிமெண்டுத் தொட்டி, மூங்கில் வேலி போட்ட மணல் திட்டு. அவ்வளவுதான். பார்த்துக்கொண்டவர் கலியபெருமாள். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், வலையில் மாட்டி ஆமைகள் சாவதைப் பார்த்து இதில் இறங்கியவர். கல்லூரி ஆசிரியர்கள் சிலர் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவர் மனைவி அஞ்சம்மாள் தொட்டிக்குத் தினமும் நாற்பது குடம் கடல்நீர் சுமந்தாள்.

தொட்டியில் ஒரு பங்குனி ஆமை, அந்தக் கரைக்கு முட்டையிட வரும் இனம், கிடந்தது. வலை அறுத்து முன் துடுப்பு பாதி போயிருந்தது. கரைக்குக் கொண்டுவந்தவர்கள் ஓட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். தண்ணீரில் அது கரைந்து வழிந்திருந்தது. பிழைக்குமா என்று வசந்தி கேட்டாள். "பாப்பம் பாப்பா" என்று மட்டும் கலியபெருமாள் சொன்னார்.

அன்று அவருடைய கவனம் முட்டைகளில் இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு ஓர் ஆமை இட்டுப் போன நூற்றுப் பதினாறு முட்டைகள், கொட்டகைக்குள் பிரம்புக் கூடையில், மணல் பரப்பி அடுக்கியிருந்தன. வேலிக்குள் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிவிட்டதால் மேட்டில் வேறு குழி வெட்ட வேண்டியிருந்தது.

"ஊருல முட்டைய எடுத்து விக்கிறத நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன் சார். ஒரு குழி பொரிச்சுக் காட்டு, அப்புறம் பாக்கலாம்னு பஞ்சாயத்துல சொல்லிட்டாங்க. இதுதான் அந்தக் குழி" என்று என் கணவரிடம் சொன்னார்.

என் கணவரும் வசந்தியும் அவரோடு குழி வெட்டப் போனார்கள். அஞ்சம்மாள் பின்பக்கம் தேநீர் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கூடை அருகே உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு முட்டையின் மேலும் ஒரு கரிப்புள்ளி. அது என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நான் படித்த கான்வென்டில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்துக் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி இருந்தது. முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் குறியிட்டு, காலையில் குறி மேலே, மதியம் கீழே என்று பிரட்டி வைக்க சிஸ்டர் என்னைத்தான் நியமித்திருந்தார். இரண்டு ஆண்டுகளில் ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்லை. இங்கே விடிந்ததிலிருந்து யாரும் பிரட்டியிருக்கவில்லை. புள்ளிகள் எல்லாம் மேலே இருந்தன. வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார்கள் என்று எண்ணினேன். அடுக்கு அடுக்காக எடுத்து, நூற்றுப் பதினாறையும் பிரட்டி, முன்னைவிட ஒழுங்காக அடுக்கி மணல் பரப்பினேன். இருபது நிமிடம் ஆயிற்று.

கலியபெருமாள் வந்து மணலை விலக்கினார். கை அப்படியே நின்றது.

"யாரு பிரட்டினது?"

ஒரு முட்டையைத் தூக்கி, அடியில் இருந்த புள்ளியைக் காட்டினார்.

"குஞ்சு மேல்பக்கமா ஒட்டிக்கிட்டுத்தான் வளரும். மணிக்கணக்கு ஆனப்புறம் பிரட்டினா அப்படியே செத்துரும். மேல் எது கீழ் எதுன்னு தெரியத்தான புள்ளி வச்சேன். நீங்க தொட்டீங்களாம்மா?"

என் கணவரும் வசந்தியும் வாசலில் நின்றார்கள். "நான் தொடலையே" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

அதற்கு மேல் அவர் என்னைக் கேட்கவில்லை. கொட்டகைப் பக்கம் இருந்த இன்னொருத்தி அஞ்சம்மாள்தான். அவள் பக்கம் திரும்பினார். "ஒன்ன எத்தினி தடவ சொல்லியிருக்கேன்? அறிவிருக்கா ஒனக்கு?"

"நான் கிட்டயே போவலங்க. அடுப்பாண்டதான் இருந்தேன்."

"பின்ன ஆமை வந்து பிரட்டிட்டுப் போச்சா?"

அஞ்சம்மாள் போய்த் தேநீரைக் கொண்டுவந்தாள். நான் கை நீட்டியபோது என் விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் கரி. குவளையைக் கீழே வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கையக் கழுவிக்குங்கம்மா."

ஊற்றினாள். கழுவினேன். கரி போகும்வரை ஊற்றினாள்.

முட்டைகளைப் பழையபடி திருப்பி வைத்து, அவர் அன்றே புதைத்தார். பயனிருக்காது என்று தெரிந்தும் செய்தார். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். இரண்டு மாதம் கழித்து என் கணவர் அந்தப் பக்கம் போய் விசாரித்து வந்தார். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். பொண்டாட்டி கெடுத்தாள் என்று ஊரில் பேச்சு. "அந்தப் பொண்ணு வாயே திறக்கலையாம்" என்றார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

போகிறவர்களுக்கு: தையிலிருந்து பங்குனி வரை ஆமைகள் கரையேறும், குஞ்சுகள் வெளிவர ஐம்பது நாளுக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். விடியுமுன் போங்கள். குடிநீர் எடுத்துப் போங்கள். வேலிக்குள் இருக்கும் எதையும் கேட்காமல் தொடாதீர்கள், உங்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றினால் நிச்சயமாகத் தொடாதீர்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. 1985இல் காரைக்கால் மீன் மார்க்கெட்டில் அஞ்சம்மாளைப் பார்த்தேன். வசந்தி என்னுடன் இருந்தாள். முன்னால் மத்தி மீன். பக்கத்தில் ஈரச் சாக்கு மூடிய கூடை.

"வாங்கம்மா. சௌக்கியமா?" சாக்கைக் கொஞ்சம் விலக்கினாள். உள்ளே ஆமை முட்டைகள். "வேணுமா? தாராளமாத் தொட்டுப் பாத்து எடுங்க. இனிமே பொரிக்கவா போவுது."

வசந்தி என் காதருகே கேட்டாள், ஆனால் அஞ்சம்மாளுக்கும் காதில் விழும்படி: "அம்மா, அன்னைக்கி முட்டையெல்லாம் பிரட்டினது இவங்கதானே?"

அஞ்சம்மாள் சாக்கைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வசந்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

வசந்தி இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறாள். நீ கேட்டதற்குப் பதில், இல்லை. நான்தான் பிரட்டினேன்.